பின்படிக்கட்டில் இறங்கிப் போன பிள்ளைகள்

யாங்கோனில் பெரும்பாலான கார்களுக்கு ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்கிறது. வண்டிகளும் சாலையின் வலப்பக்கமாகவே ஓடுகின்றன. அதனால் முன்னால் போகும் வண்டியை முந்த வேண்டுமென்றால் ஓட்டுநருக்கு எதிரில் வருவது தெரியாது, பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். விமான நிலையத்திலிருந்து வந்த டாக்சியில் அந்த வேலை என் தலையில் விழுந்தது. பர்மிய மொழியில் எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. வேண்டாம் என்று கையை ஆட்டினேன். போகலாம் என்று எடுத்துக்கொண்டு அவர் முந்தினார். எதிரே பஸ் வந்தது. மயிரிழையில் ஒதுங்கிவிட்டு அவர் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

சிரிக்கிற மனநிலையில் நான் வரவும் இல்லை. என் மகளை ஊருக்குத் திரும்ப அழைத்துப் போக வந்திருந்தேன்.

என் மனைவி சுமதி, யாங்கோனின் புறநகரான ஷ்வேப்யிதாவில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாடு பார்க்கிறாள். இரண்டு வருட ஒப்பந்தம். எங்கள் மகள் இனியாவுக்கு நான்கு வயது. கல்யாணமாகிப் பல வருடங்கள் கழித்து, இனி இல்லை என்று நாங்கள் விட்டுவிட்ட பிறகு பிறந்தவள். அம்மாவை விட்டு இருக்கமாட்டாள் என்பதால் அவளும் யாங்கோன் போனாள். நான் தமிழ்நாட்டில் குழந்தைக் காப்பகங்களுக்கு உரிமம் வழங்கும் அலுவலகத்தில் ஆய்வாளர். குழந்தைகளுக்கு என்னென்ன ஆபத்து வரலாம் என்று யோசிப்பதற்காகவே எனக்குச் சம்பளம். அந்த யோசனை ஐந்து மணியோடு நிற்பதில்லை. சுமதி வேலைக்குப் போகும்போது இனியாவை ஏதோ ஒரு காப்பகத்தில் விடுகிறாள் என்பதை நினைத்து நான் ஒரு வருடமாகச் சரியாகத் தூங்கவில்லை.

அவர்கள் வீடு நகர நடுவே கியாக்டடாவில், நான்காவது மாடியில் இருந்தது. லிஃப்ட் கிடையாது. ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் தெரு வரைக்கும் ஒரு கயிறு தொங்குகிறது. கீழே நுனியில் ஒரு கிளிப், மேலே ஒரு மணி. கீழிருந்து இழுத்தால் மேலே மணி அடிக்கும். சுமதி மேலிருந்து சாவியைக் கிளிப்பில் மாட்டி இறக்கினாள். சாவி என் முகத்துக்கு நேரே வந்து சுழன்றது. மேலே பார்த்தால், கம்பிகளுக்கு இடையில் இரண்டு கன்னத்திலும் சந்தனம் போல, தனகா என்ற மரப்பட்டை விழுது பூசிய ஒரு சின்ன முகம். "அப்பா, புடிங்க" என்றது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் தெருவோரக் கடையில் மொஹிங்கா சாப்பிட்டோம். மீன் குழம்பில் அரிசி நூடுல்ஸ், வாழைத்தண்டு, மேலே பருப்பு வடையை நொறுக்கிப் போடுகிறார்கள். சென்னைக் கடற்கரைப் பக்கம் பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் விற்பதை நான் சாப்பிட்டிருக்கிறேன். அதில் காரம் அதிகம், இதில் மீன் அதிகம். பிறகு டீக்கடை. இங்கே சப்ளையரைக் கூப்பிட முத்தம் கொடுப்பதுபோல உதட்டால் சத்தம் எழுப்புகிறார்கள். நரைத்த தலைப் பெரியவர் ஒருவர் அப்படிக் கூப்பிட்டதைப் பார்த்துத் திகைத்தேன்.

"நம்ம ஊர்ல இப்படிக் கூப்பிட்டா கன்னம் வீங்கிடும்" என்றேன்.

"நீங்க கூப்பிட்டுப் பாருங்க" என்றாள் சுமதி. நான் மாட்டேன் என்றதும் இனியா கூப்பிட்டாள். டீ வந்தது. மகள் இந்த ஊர்க்காரி ஆகிவிட்டாள் என்பது எனக்குப் பெருமையாக இல்லை, பயமாக இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் மகளை அழைத்துப் போகும் பேச்சை எடுத்தேன். சுமதி ஒரே வரியில் முடித்தாள். "நாளைக்குச் சாயந்தரம் காப்பகத்துக்கு வந்து மேரி அக்காவப் பாருங்க, அவங்களும் தமிழ்தான். பார்த்துட்டுச் சொல்லுங்க."

சாயங்காலம் போவது பெற்றோர் வழக்கம். காலையில், சொல்லாமல் போவது ஆய்வாளர் வழக்கம். திங்கட்கிழமை விடியும் முன்பே சுமதி இனியாவைக் காப்பகத்தில் விட்டுவிட்டுத் தொழிற்சாலை பஸ் ஏறிப் போய்விட்டாள். நான் ஒன்பது மணி வாக்கில் அந்தத் தெருவுக்குப் போனேன். உடனே உள்ளே நுழையவில்லை. எந்தக் காப்பகத்துக்குப் போனாலும் முதலில் எதிர்ச்சாரியில் கொஞ்ச நேரம் நிற்பேன். ஜன்னல் கம்பி திறக்கிற வகையா, மின்சார மீட்டர்ப் பெட்டி மூடியிருக்கிறதா, படியில் சாமான் அடைந்திருக்கிறதா, யார் வருகிறார்கள், யார் போகிறார்கள். இதையெல்லாம் வெளியே நின்றால்தான் பார்க்க முடியும். காப்பகம் இரண்டாவது மாடி. ஜன்னலைப் படம் எடுத்தேன். மீட்டர்ப் பெட்டியைப் படம் எடுத்தேன், குறிப்பும் எழுதிக்கொண்டேன். தூறல் விழுந்ததால் ஒரு வெற்றிலைக் கடையின் படுதாவுக்கு அடியில் ஒதுங்கி நின்று மறுபடியும் மேலே பார்த்தேன். அங்கே ஒரு திரை அசைந்து மூடிக்கொண்டது.

மேலே போனபோது கதவு உடனே திறந்தது. பூப்போட்ட லுங்கியும் முழுக்கை ரவிக்கையும் அணிந்த, அறுபதை நெருங்கும் பெண்மணி. கழுத்தில் சிலுவை. மேரி அக்காவாகத்தான் இருக்க வேண்டும். பர்மிய மொழியில் ஏதோ சொன்னார். நான் தமிழில் வணக்கம் சொன்னதும் ஒரு கணம் தயங்கி, "வாங்க ஸயா, வாங்க, உள்ள வாங்க" என்றார். ஸயா என்பது இங்கே ஆசிரியரையும் அதிகாரியையும் அழைக்கும் சொல். எனக்கு அது புதிதாகப் படவில்லை. ஊரிலும் எல்லோரும் என்னை சார் என்றுதான் சொல்கிறார்கள்.

நான் இனியாவின் அப்பா என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நல்ல பாயை விரிப்பார்கள், நல்லதை மட்டும் காட்டுவார்கள். முதலில் பார்த்துவிடுவோம் என்று இருந்துவிட்டேன்.

ரயில் பெட்டி போல நீண்ட ஒரே அறை. பிள்ளைகள் பாயில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் கன்னத்திலும் தனகா. தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இருந்தது. மருந்துகள் உயரத்தில் இருந்தன. குறை சொல்ல வந்தவனுக்கு ஏமாற்றமாக இருக்கும் அளவுக்குச் சுத்தம்.

"பதினஞ்சு பிள்ளைக்கு அனுமதி ஸயா. பதினஞ்சு பேருதான் இருக்கு. எண்ணிக்குங்க" என்றார் அவர், நான் கேட்காமலே.

கேட்காமல் சொல்லப்படும் எண்ணிக்கையை எந்த ஆய்வாளரும் நம்பமாட்டார். ஆனால் பதினைந்து பேர்தான் இருந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். கடைசிப் பிள்ளை வரை வந்துவிட்டேன். இனியா இல்லை.

கழிப்பறையில் இருப்பாள் என்று நினைத்தேன். கதவு திறந்துதான் கிடந்தது.

"இனியா எங்க?" என்றேன்.

அந்த அம்மாளின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "யாரு ஸயா?"

"இனியா. நாலு வயசு. இந்தியாப் பிள்ளை."

"அப்படிப் பேருல இங்க பிள்ளை இல்லிங்களே. எல்லாம் இந்த ஊருப் பிள்ளைங்கதான். வேற ஸ்கூலா இருக்கும்."

தவறான மாடிக்கு வந்துவிட்டேனா என்று ஓர் ஆசை எழுந்தது. அதே நேரம் சுவரோரத் தட்டில் அடுக்கியிருந்த சாப்பாட்டுக் கேரியர்கள் கண்ணில் பட்டன. பதினைந்தை விட அதிகம். அவற்றின் ஓரத்தில், யானை போட்ட நீலத் தண்ணீர் பாட்டில். சனிக்கிழமை என் பெட்டியிலிருந்து நான் எடுத்துக் கொடுத்தது.

"அக்கா, நான் அவ அப்பா" என்றேன். அவர் நம்பவில்லை. கைப்பேசியில் படத்தைக் காட்டினேன். நானும் சுமதியும் நடுவில் இனியாவும் நேற்று மொஹிங்காக் கடையில்.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஏசுவே. தமிழ்க்காரர ஆபீசுல போட்டுட்டாங்கன்னுல்ல நெனச்சேன். எதுத்தாப்புல நின்னு ஜன்னலப் பாக்குறாரு, படம் புடிக்கிறாரு, எழுதுறாரு. அப்பன்காரன் அப்படியா தம்பி நிப்பான்?"

"பிள்ளை எங்கக்கா?"

"பின்னால படி இருக்கு. எனக்கு உதவிக்கு இருக்குற டோ ஏ கூட்டிக்கிட்டுப் போயிருச்சு. கூடுதல் பிள்ளைங்க ஆறு பேரு. ஆபீசர் வந்தா அதுங்கள டாலாவுக்குக் கூட்டிப் போயிரும். அங்க அது வீடு. உங்க பிள்ளை வெளிநாட்டுப் பிள்ளை இல்லியா, பேரு பதிஞ்சா நூறு கேள்வி கேப்பாங்கன்னு பதியல."

டாலா ஆற்றுக்கு அக்கரை. என் மகளையும் இன்னும் ஐந்து குழந்தைகளையும் ஒரே ஒரு பெண், ஆனி மாத மழையில், யாங்கோன் ஆற்றைத் தாண்டிக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தாள். என்னிடமிருந்து ஒளித்து வைப்பதற்காக.

"போன் போடுங்க" என்றேன். போட்டார். அதே அறையில், கேரியர்களுக்குப் பின்னால் ஒரு கைப்பேசி பாட ஆரம்பித்தது. மின்சாரம் எப்போது வரும் எப்போது போகும் என்று தெரியாத ஊரில், வந்த நேரத்தில் எல்லோரும் சார்ஜில் போட்டுவிடுகிறார்கள். டோ ஏ அவசரத்தில் அதை எடுக்க மறந்திருந்தார். பாயில் இருந்த பிள்ளைகள் பாட்டுக்குக் கை தட்டின.

பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பிள்ளைகளோடு உட்கார வைத்துவிட்டு மேரி அக்கா என்னோடு ஓடி வந்தார். டாலாவுக்குக் கப்பல் புறப்படும் துறை நடக்கிற தூரம்தான். சீட்டுக் கொடுப்பவர் என்னை ஏற இறங்கப் பார்த்துப் பாஸ்போர்ட் கேட்டார். அது வீட்டில் இருந்தது. மேரி அக்கா பர்மிய மொழியில் கெஞ்சினார். அவர் தலையை ஆட்டினார். பின்னால் வாத்துக் கூடையோடு நின்ற ஒரு பெண் ஏதோ சொல்ல, வரிசையே சிரித்தது.

"என்ன சொல்றாங்க?"

"லுங்கி கட்டிக்கிட்டு வந்திருந்தா யாரும் கேட்டிருக்க மாட்டாங்களாம். கால்சட்டை போட்டவங்க தங்களையே ஆபீசர்னு நெனச்சுக்கிறாங்களாம்." சொல்லிவிட்டு அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கப்பல் எங்களை விட்டுவிட்டுப் போனது. கொஞ்சம் தள்ளி மோட்டார் வைத்த சின்னப் படகுகள் கிடந்தன. ஒன்றில் ஏறினோம். அடியில் கணுக்கால் அளவு தண்ணீர். படகுக்காரர் ஒரு கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, வெட்டிய எண்ணெய் கேனால் மறு கையில் தண்ணீரை இறைத்தார். பழுப்பு ஆறு, காற்று, பெரிய கப்பல் ஒன்று எழுப்பிய அலை. உயிர்காப்பு உடை எதுவும் இல்லை. மேரி அக்கா கண்ணை மூடி ஜெபமாலை உருட்டினார். எனக்கு நீச்சல் தெரியாது. அதைப் பற்றி அப்போது நினைக்கவே இல்லை. ஆறு குழந்தைகளுக்கு இரண்டு கைகள் என்ற ஒரே கணக்குதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

"எத்தனை தடவை இப்படி அனுப்பியிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"ஆபீசர் வர்றப்பல்லாம்." ஜெபமாலையை மடியில் வைத்துவிட்டு, "விடியக்காலம் தாய்க்காரி பிள்ளையோட வாசல்ல நிக்குது தம்பி. தொழிற்சாலை பஸ் ஆரன் அடிக்குது. கணக்கு முடிஞ்சு போச்சு, போயிட்டு வான்னு சொல்லவா? பூட்டிப் போட்டுட்டு வேலைக்குப் போவா. நான் பாத்திருக்கேன்."

டாலாவில் ஸைக்கா என்று ஒரு மிதிவண்டி. ஓட்டுபவருக்குப் பக்கத்தில் இரண்டு இருக்கை, முதுகோடு முதுகு ஒட்டி. மேரி அக்கா முன்னே பார்த்து உட்கார்ந்து வழி சொன்னார். நான் பின்னே பார்த்து உட்கார்ந்தேன். நாங்கள் கடந்து வந்த சேறும் வாத்துகளும் மூங்கில் வீடுகளும் தூரமாகிக்கொண்டே போயின. போகும் இடம் தெரியவில்லை. வண்டி நின்ற பிறகுதான் திரும்பிப் பார்த்தேன்.

மரக்கால்கள் மேல் நின்ற ஓலை வீடு. அடியில் மழைத் தண்ணீர் தேங்கிப் பச்சையாகக் கிடந்தது. ஏணிக்குக் கைப்பிடி இல்லை. மேலே ஆறு பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து, அவித்த பட்டாணி போட்ட சோறு தின்றுகொண்டிருந்தார்கள். நடுத்தர வயதில் மெலிந்த ஒரு பெண் ஒவ்வொரு வாயாக ஊட்டிக்கொண்டிருந்தார். இன்னொரு கையில், ஆறு பிள்ளைகளின் இடுப்பையும் கோத்துக் கட்டிய ஒரு நீளத் துணியின் முனை. வழியெல்லாம் அப்படிக் கட்டித்தான் கூட்டி வந்திருக்கிறார். ஒரு பிள்ளையும் பேசவில்லை. அவ்வளவு அமைதியான குழந்தைகளை நான் எந்தக் காப்பகத்திலும் பார்த்ததில்லை.

இனியா என்னைப் பார்த்தாள். ஓடி வரவில்லை. விரலை உதட்டில் வைத்தாள்.

"அப்பா, சத்தம் போடாதீங்க" என்றாள் ரகசியக் குரலில். "ஆபீசர் வந்திருக்காங்க. கேட்டா புடிச்சுக்குவாங்க."

நான் ஏணியில் பாதியில் நின்றேன். பிறகு மேலே போய் அவளைத் தூக்கிக்கொண்டேன். தலைமுடி ஈரமாக இருந்தது. "ஆபீசர் போயிட்டாரும்மா" என்றேன்.

"நிஜமா?"

"நிஜமா."

அவள் அதை மற்றவர்களுக்குப் பர்மிய மொழியில் சொன்னாள். உடனே ஆறு பேரும் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கினார்கள். டோ ஏ என் காலருகே குனிந்து ஏதோ சொல்லி அழுதார். மேரி அக்கா மொழிபெயர்க்கவில்லை. நானும் கேட்கவில்லை.

திரும்பும்போது பெரிய கப்பலில் வந்தோம். டாலாப் பக்கத்தில் யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை.

சுமதி ஏழு மணிக்கு வந்தாள். மேரி அக்கா முன்பே போனில் சொல்லிவிட்டிருந்தார். மின்சாரம் இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் மகளை மடியில் வைத்துக்கொண்டு அவள் கன்னத்தில் காய்ந்திருந்த தனகாவைத் துடைத்தாள்.

"எதிர்ல நின்னு என்ன பண்ணீங்க?"

"பார்த்துட்டு இருந்தேன்."

"உள்ள வந்து பார்த்திருந்தா அவ பாட்டுக்குப் பாயில உக்காந்திருப்பா."

"அவ பேரே அங்க இல்ல சுமதி. ஆத்துல ஏதாவது ஆகியிருந்தா, அப்படி ஒரு பிள்ளையே வரலன்னு சொல்லியிருப்பாங்க. என் முகத்துக்கு நேரா சொன்னாங்க."

"கூட்டிட்டுப் போயிடுங்க" என்றாள். வந்த காரியம் முடிந்தது. நான் நினைத்ததை விடச் சீக்கிரம்.

மறுநாள் முழுவதும் அதை யோசித்துக்கொண்டு சூலே பௌத்தக் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் இனியாவோடு நடந்தேன். ஊருக்குக் கூட்டிப் போனால் நான் வேலைக்குப் போகும்போது இவளை யார் பார்ப்பார்கள்? ஒரு காப்பகம்தான். என் கையெழுத்தில் உரிமம் வாங்கிய ஒன்று. அங்கே என் மகளுக்கு நடுவில் இடம் கிடைக்கும், புதுப் பாய் கிடைக்கும். அதிகாரி வந்தால் இவளைப் பின்வாசலில் அனுப்பமாட்டார்கள். வேறு யாருடைய மகளையோ அனுப்புவார்கள். அந்தப் பிள்ளை எந்த ஆற்றைத் தாண்டும் என்று எனக்குத் தெரியவராது.

அன்று சாயங்காலம் கயிற்று மணி அடித்தது. கீழே மேரி அக்கா, கையில் தேங்காய்ப்பால் நூடுல்ஸ் வாளி. மேலே வந்து உட்கார்ந்ததும் சுமதியைப் பார்த்து, "திட்டிருங்கம்மா, அப்பதான் சாப்பிட முடியும்" என்றார். சுமதி திட்டவில்லை. தட்டு எடுத்து வந்தாள்.

இனியாவை இங்கேயே விட்டுப் போக நான் ஒரு நிபந்தனைதான் சொன்னேன். யார் வந்தாலும் பிள்ளைகள் வெளியே போகக் கூடாது. இருபத்தொரு பேரும் அறையில்தான் இருக்க வேண்டும். அவரே போய் உண்மை எண்ணிக்கையைச் சொல்லி, இன்னொரு உதவியாளரையும் பக்கத்து அறையையும் காட்டி அனுமதி கேட்க வேண்டும்.

"கேட்டா குடுப்பாங்களா தம்பி? நீங்க அந்த வேலையில இருக்கீங்க, சொல்லுங்க. நீங்களா இருந்தா குடுப்பீங்களா?"

பொய் சொல்ல முடியவில்லை. "முதல்ல ஆறு பேரை நிறுத்தச் சொல்லுவேன்."

"எந்த ஆறு?" என்றார். கோபமில்லை. சந்தையில் விலை கேட்பது போலத்தான் கேட்டார். "உங்க பிள்ளை கடைசியா வந்த பிள்ளை. அதுவுமா?"

இனியா தரையில் நூடுல்ஸைச் சிந்திக்கொண்டிருந்தாள். சுமதி என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன்.

கடைசியில் மேரி அக்காவே சொன்னார்: "சரி. எல்லாத்தையும் உக்கார வச்சே காட்டுறேன். வந்து எண்ணட்டும். யாரை அனுப்புறதுன்னு அவங்களே பிள்ளைங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும்."

புதன்கிழமை காலை நானே இனியாவைக் கொண்டு போய் விட்டேன். எதிர்ச்சாரியில் நிற்காமல் நேரே மாடி ஏறினேன். கதவைத் திறந்தது டோ ஏ. இனியா அவரிடம் தாவினாள். நான் தனியாக விமானம் ஏறினேன்.

இப்போது ஊரில் இருக்கிறேன். அங்கே அதிகாரி இன்னும் வரவில்லை. மேரி அக்கா கொடுத்த விண்ணப்பத்துக்குப் பதிலும் வரவில்லை. ஆனால் தினமும், பிள்ளைகள் மதியத் தூக்கத்துக்குப் படுக்கும் முன் அவர் வைபர் செயலியில் ஒரு படம் அனுப்புகிறார். பாயில் வரிசையாக எல்லோரும். முதலில் என் மகளைத் தேடுகிறேன். கண்டதும் விரலை வைத்து மற்றவர்களை எண்ணுகிறேன். என் வேலையில் கூடுதலாக இருக்கிறார்களா என்று எண்ணித்தான் பழக்கம். குறைகிறார்களா என்று எண்ணுவது புதிது. நேற்று இருபது பேர்தான் இருந்தார்கள். உடனே கூப்பிட்டேன்.

"ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் தம்பி. அதோட அம்மா வேலைக்குப் போகாம வீட்டுல இருந்துக்கிச்சு. நீங்க ஏன் இப்படிக் கிடந்து எண்ணுறீங்க?" என்று சிரித்தார்.

இன்று அங்கே பிள்ளைகள் தூங்கி எழும் நேரமே வந்துவிட்டது. படம் இன்னும் வரவில்லை. கரண்ட் போயிருக்கும்.